கீழே அசையாமல் ஒரு வாளி

ஊழியத்தின் வாகனங்கள் – 14

போன வாரம் மருத்துவர் ஐடா ஸ்கடரின் 1909-ஆம் ஆண்டு பியூஜோ காரைக் குடியாத்தம் சாலையில் நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தைய மாட்டுவண்டி வைத்தியத்தை மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம்.

இந்த வாரம் ரேணிகுண்டா விமான நிலையம் என்று சொல்லியிருந்தேன். சித்தூரில் டீக்கடையில் ஒருவர் மடக்கினார்: "நம்ம பக்கம் பாதிரிமார் பிளேன்ல வந்தாங்களா சார்?" வரவில்லை. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியபோது மாட்டுவண்டிதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி என்று ரயிலே ஓடியது. அப்புறம் யாருக்கு வேண்டும் விமானம்?

விமானம் வேண்டியிருந்தது, காட்டில் பல நாள் நடந்தால்தான் அடுத்த ஊர் என்ற இடங்களுக்கு. அங்கும் இறங்கத் தரை வேண்டுமே! இந்தக் கேள்விக்கு ஈக்வடாரில் ஒரு விமானி கண்ட விடைதான் இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

நேட் செயின்ட். 1945-இல் தொடங்கிய மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் என்ற அமைப்பின் விமானி. அவர் இருந்த ஊர் ஷெல் மேரா. ஷெல் எண்ணெய் நிறுவனம் கைவிட்டுப் போன தளம். மஞ்சள் நிற பைப்பர் விமானத்திலிருந்து சுமார் 1,500 அடிக் கயிற்றில் ஒரு வாளியை இறக்குவார். பிறகு இறுக்கமாக வட்டமடிப்பார். நாம் கவணைச் சுற்றினால் கல் வெளிப்பக்கம் இழுக்கும். இங்கே நடப்பது தலைகீழ். அவ்வளவு நீளக் கயிற்றைக் காற்று பிடித்து நிறுத்தப் பார்க்கும். நுனி பின்தங்கிப் பின்தங்கி வட்டத்தின் நடுவுக்கு வந்து சேரும். மேலே விமானம் சுற்றிக்கொண்டே இருக்க, கீழே வாளி கைக்கெட்டும் உயரத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். மருந்து போடலாம், கடிதம் எடுக்கலாம். ஒருமுறை அதற்குள் தொலைபேசியையே வைத்து இறக்கித் தரையில் நின்றவரோடு பேசியிருக்கிறார்!

நானும் மொட்டைமாடியில் நூல்கண்டில் தீப்பெட்டியைக் கட்டிச் சுழற்றினேன். பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது. கயிறு போதவில்லை.

1955 அக்டோபர் 6 அன்று, வெளியாட்களை அண்டவிடாத வவோரானி மக்களுக்கு அதே கயிற்றில் ஓர் அலுமினியக் கெண்டி இறங்கியது. உள்ளே பொத்தான்களும் உப்பும். பரிசு கொடுத்துப் பழக்குகிற அந்த வழி எனக்கு ஒப்பவில்லை. கயிற்றின் மேல் மட்டும் கோபமில்லை. மூன்று மாதம் கழித்து, 1956 ஜனவரி 8 அன்று, குராராய் ஆற்று மணல்திட்டில் நேட்டும் நான்கு நண்பர்களும் அந்த மக்களின் ஈட்டிக்கு இரையானார்கள். விமானத்தின் துணிப்போர்வையையும் அவர்கள் கிழித்துப்போட்டிருந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பு வவோரானி மக்களும் கயிற்றில் பதில் பரிசு கட்டி அனுப்பினார்கள். இறகுக் கிரீடம் வந்தது. ஒருநாள் கூடையில் உயிரோடு ஒரு கிளி வந்தது, வழியில் தின்ன வாழைப்பழத்தோடு. பழம் பாதி கடித்திருந்தது.

ஆசிரியர் இடம் முடிந்தது என்கிறார். ரேணிகுண்டா அடுத்த வாரம்.