கறுப்புப் பட்டை கட்டிய பின்னும் மாணவர்தான்!

விடியற்காலை நேரம். புதுவைக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. காலை 7.30 மணி வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்கே சொந்தம். அதே நேரத்தில் நகரத்து மைதானங்களில் சிறுவர் சிறுமியர் வெள்ளை உடை அணிந்து வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் இடுப்பில் மஞ்சள், பச்சை, நீலம் என்று பல நிறப் பட்டைகள்! எதிரே நிற்கும் மாஸ்டரின் இடுப்பில் கறுப்புப் பட்டை.

"என் பிள்ளைக்கு அடுத்த பெல்ட் எப்போது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மாஸ்டர் தம் பட்டையை எப்படிப் பெற்றார்? இன்றும் அவர் கற்றுக்கொண்டு இருக்கிறாரா?

பிள்ளையை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏன் என்பதைப் பார்ப்போம்.

அடிபட்ட சிறுவன்

ஜப்பான் நாட்டில் 1860-ம் ஆண்டு பிறந்தவர் கானோ ஜிகோரோ. சிறுவயதில் மெலிந்த உடம்பு. பள்ளியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கினார். "பலசாலியை எதிர்த்து நிற்க வழி இல்லையா?" என்று ஏங்கினார். ஜுஜுத்சு என்ற பழைய சண்டைக் கலையைக் கற்கத் தொடங்கினார்.

ஒரு பள்ளியில் பிடிகளையும் அடிகளையும் கற்றார். வேறொரு பள்ளியில் ஆளைத் தூக்கி எறியும் வித்தையைக் கற்றார். இரண்டையும் கலந்தார். உயிருக்கு ஆபத்தான அடிகளை விளையாட்டுப் போட்டியிலிருந்து நீக்கினார். இப்படிப் பிறந்ததுதான் ஜூடோ!

1882-ம் ஆண்டு, டோக்கியோவில் ஒரு புத்தர் கோவிலில் பயிற்சி தொடங்கியது. 12 பாய் விரிக்கும் அளவே இடம். மாணவர்கள் விழுந்து விழுந்து தரைப்பலகை உடையும். இரவில் கானோவே விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் ஊர்ந்து சென்று பழுது பார்ப்பாராம்.

படி வந்த கதை

1883-ம் ஆண்டு கானோ தம் மாணவர் இருவருக்கு முதல் "டான்" பட்டம் கொடுத்தார். சண்டைக் கலையில் டான் பட்டம் வந்தது அப்போதுதான். பிறகு அந்தப் பட்டத்துக்கு அடையாளமாகக் கறுப்புப் பட்டை வந்தது. கராத்தே ஆசிரியர்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். பல நிறப் பட்டைகள் பிரபலமானது பிரெஞ்சு நாட்டில். 1935-ம் ஆண்டு பாரீசுக்குப் போன கவாய்ஷி என்ற ஜப்பானிய ஆசிரியர் அங்கே அதைப் பரப்பினார்.

முதல் கறுப்புப் பட்டைக்கு ஜப்பானிய மொழியில் "ஷோடான்" என்று பெயர். இதன் பொருள் என்ன தெரியுமா? "தொடக்கப் படி" என்பதுதான்!

கறுப்புப் பட்டை வாங்கியவர் படிப்பை முடித்தவர் அல்ல. அகர வரிசையைக் கற்றுத் தேர்ந்தவர். இனிமேல்தான் புத்தகம் படிக்க வேண்டும்.

தோற்ற ஆசிரியர்

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சொந்தமாக ஒரு சண்டைக் கலை உண்டு. அதன் பெயர் "சவாத்". பழைய செருப்பு என்று அதற்குப் பொருள்! செருப்புக் காலால் உதைப்பதே அதன் சிறப்பு.

சார்லஸ் லெக்கூர் என்பவர் பாரீசில் சவாத் ஆசிரியராக இருந்தார். 1830-ம் ஆண்டுகளில் ஓவன் ஸ்விப்ட் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரரோடு மோதினார். கைக்குத்தைத் தடுக்கத் தெரியாமல் தோற்றுப்போனார்.

வேறு ஒருவராக இருந்தால், "என்றோ ஒரு நாள் தோற்றேன்" என்று சொல்லிவிட்டுப் பழையபடி பாடம் நடத்தியிருப்பார். லெக்கூர் அப்படிச் செய்யவில்லை. தம்மைத் தோற்கடித்த கலையையே மாணவனாகப் போய்க் கற்றார். ஆங்கிலேயரின் குத்தையும் பிரெஞ்சுக்காரரின் உதையையும் கலந்தார். "பிரெஞ்சு குத்துச்சண்டை" என்ற புதுக் கலை பிறந்தது. இன்று சவாத்தில் பட்டைக்குப் பதில் கையுறையின் பெயரால் படி. நீலக் கையுறை, பச்சைக் கையுறை, சிவப்புக் கையுறை என்று அது ஏறுகிறது.

இரண்டு குருமார்

நம் ஊரில் பலர் கற்கும் கராத்தேயில் "ஷிட்டோ ரியூ" என்று ஒரு பிரிவு உண்டு. அதைத் தோற்றுவித்தவர் மபுனி கென்வா. ஒகினாவா தீவில் போலீஸ்காரராக வேலை பார்த்தவர். அவருக்கு இரண்டு குருமார். இத்தோசு என்பவர் ஒருவர். ஹிகாவுன்னா என்பவர் மற்றவர். இருவர் வழியும் வேறு வேறு. மபுனி இரண்டையும் இணைத்தார்.

அந்தக் கலைக்குத் தம் பெயரை அவர் வைக்கவில்லை. இரு குருமாரின் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தை எடுத்து அதற்குப் பெயர் சூட்டினார். எவ்வளவு பெரிய மனம்!

நம் புதுவையில்

நம் சிலம்பத்தில் பழைய காலத்தில் பட்டை கிடையாது. ஆசான் சொல்வதுதான் பட்டம். மண்ணைத் தொட்டு வணங்கி, முதலில் காலடி பழக வேண்டும். கம்போடு நின்றுவிடாமல், வெறுங்கையால் மோதும் குத்துவரிசையும் கற்க வேண்டும்.

புதுவை ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1945-ம் ஆண்டு சிறுவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கியது. பிரணாப் குமார் பட்டாச்சார்யா அதை வளர்த்தார். ஓட்டம், நீச்சலோடு குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோவும் அங்கே சேர்ந்தன. பயிற்சி கொடுப்பவரைக் "கேப்டன்" என்று அழைப்பார்கள். சம்பளம் கிடையாது. பெரியவர்களுக்கும் தனிக் குழுக்கள் உண்டு. வயதாகிவிட்டது என்று ஒதுங்காமல் அவர்களும் பயிற்சி செய்கிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 2-ந்தேதி விளையாட்டு மைதானத்தில் கூடித் தம் பயிற்சியைச் செய்து காட்டுகிறார்கள்.

பெற்றோர் கவனிக்க!

முறையான சங்கங்களில் ஒரு டானிலிருந்து அடுத்த டானுக்குப் போகக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். மேலே போகப் போகக் காத்திருக்கும் காலம் நீளும். நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் தம் தேர்வுக்கும் உழைக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஐம்பது வயதுக்காரரும் தம் குருவின் முன் மாணவனாய் நின்று தேர்வு எழுத வேண்டும். செய்தும் காட்ட வேண்டும்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கும் முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உங்கள் மாஸ்டருக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறாரா? அடிபடாமல் விழுவது எப்படி என்பதை முதலில் சொல்லிக் கொடுக்கிறாரா? "சில மாதங்களில் கறுப்புப் பட்டை" என்று ஆசை காட்டாமல் இருக்கிறாரா?

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். பணம் கொடுத்தால் பட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைக் கட்டிக்கொள்ளும் தகுதி உழைப்பால்தான் வரும். தாம் கற்பதை நிறுத்தாத ஆசிரியரிடம்தான் பிள்ளை அந்த உழைப்பைக் கற்றுக்கொள்ளும்.