நிரம்பிய பிறகு எப்படி மிதக்கும்?

ஒடுகத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறார்; ஏரிக்கரை ஓரம் வீடு, இரண்டு பிள்ளைகள். குடும்பத்தோடு போய்வர மோட்டார் படகு தேடியவர் கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறாராம். இரண்டும் 19 அடி நீளம், இரண்டிலும் எட்டுப் பேர் உட்காரலாம், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் இன்ஜின் பின்பக்கம் வெளியே தொங்குகிறது, மற்றதில் உள்ளே மூடி இருக்கிறது. வெளியே தொங்குவது பார்வையாக இல்லை என்கிறாராம் மருமகள். "ஏலகிரியில் புங்கனூர் ஏரி, ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி, இரண்டிலும் பெடல் படகு மிதித்ததோடு சரி. எது நல்லதென்று நான் என்ன கண்டேன்? நீங்கள் சொன்னால் மகனிடம் சொல்வேன்" என்கிறது கடிதம்.

வெளியே தொங்குவதையே வாங்கச் சொல்லுங்கள். காரணம் கொஞ்சம் நீளமானது.

உங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஒரே உயரம், ஒரே நிறத்தில் இரண்டு கிடா நின்றால், விவரம் தெரிந்தவர் உடம்பைத் தடவிப் பார்த்து விலை பேசமாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். படகுக்கும் அப்படிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை விற்கிறவர் தானாகக் காட்டமாட்டார், வாங்குகிறவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை. படகுக்குள் தண்ணீர் முழுக்க நிரம்பிவிட்டால் அது எப்படி மிதக்கும் என்பதுதான் அது.

அதற்கு முன் இன்ஜின் விஷயம். வெளியே தொங்குவது அவுட்போர்டு. நம் மீனவர்களின் ஃபைபர் படகுகளில் பார்ப்பதும் இந்த வகைதான். உள்ளே இருப்பது ஸ்டெர்ன்டிரைவ். கார் இன்ஜின் மாதிரி ஒன்று படகுக்குள் பின்கோடியில் உட்கார்ந்திருக்கும். ப்ரொப்பெல்லர் மாட்டிய கால் மட்டும் பின்சுவரைத் துளைத்து வெளியே வரும். சுவீடனின் வோல்வோ பென்டா 1959-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சத்தம் குறைவு. இன்ஜின் வெளியே துருத்தாததால் பின்பக்கம் அகலமான மேடை கிடைக்கும். பிள்ளைகள் அங்கிருந்து தண்ணீரில் குதிக்கலாம், ஏறி உட்கார்ந்து துவட்டிக்கொள்ளலாம். மருமகளுக்கு அது பிடித்ததில் தப்பே இல்லை.

ஆனால் மிச்சிகனில் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கப் போன ஏரித் தண்ணீர் உள்ளே தங்கிவிட்டால், வார்ப்பிரும்பாலான இன்ஜின் பிளாக்கையே அது பிளந்துவிடும். அதனால் ஸ்டெர்ன்டிரைவ் வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் பனிக்கு முன்னால் தண்ணீரை ஒட்ட வடிக்க வேண்டும். அவுட்போர்டை நேராக நிறுத்தினாலே தண்ணீர் தானாக வடிந்துவிடும். அடுத்தது பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது என்பதால் இன்ஜின் அறையின் அடியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடமாவது ஊதுவிசிறியை ஓடவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். பிள்ளைகள் அவசரப்படுத்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நான்கு நிமிடத்தை யார் காப்பாற்றுவார்கள்?

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். ஃபைபர் படகு தண்ணீரைவிடக் கனமான பொருளால் ஆனது, சுமார் ஒன்றரை மடங்கு. அது மிதப்பது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால்தான். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் படகு கல்தான். அதனால் தரைப்பலகைக்கு அடியிலும் பக்கச் சுவர்களுக்குள்ளும் பாலியூரித்தேன் நுரையை அடைக்கிறார்கள். ஒரு கன மீட்டர் நுரை 30 கிலோ சொச்சம்தான் இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் ஏறக்குறைய 970 கிலோவைத் தாங்கும். 750 கிலோ ஃபைபர் உடல் தண்ணீருக்குள் போனால் 250 கிலோவாகத்தான் கனக்கும். அதோடு 160 கிலோ இன்ஜின். மனிதர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் பற்றிக்கொண்டிருந்தால் ஆளுக்குச் சில கிலோதான். கூட்டிப் பார்த்தால் 500 லிட்டர் நுரை, அதாவது இரண்டரை பேரல் கொள்ளளவு, எட்டுப் பேர் குடும்பத்தையே கைவிடாமல் வைத்திருக்கும்.

நுரை எவ்வளவு என்பதோடு எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அடியில் வைப்பதுதான் நியாயம் என்று தோன்றும். அங்கே மட்டும் வைத்தால் ஆபத்து. நிரம்பிய படகில் கீழிருக்கும் நுரை மேலே வரத் துடிக்கும், மேலிருக்கும் கனம் கீழே போகப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து படகைப் புரட்டிப் போட்டுவிடும். ஆகவே கணிசமான நுரை பக்கச் சுவர்களில், உயரத்தில் இருக்க வேண்டும். பின்கோடியிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் இன்ஜினின் கனம். முன்னால் மட்டும் நுரை இருந்தால் பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். வழவழப்பான அந்த மூக்கில் ஒரு குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்?

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள் இங்கேதான் இரண்டு படகுகளையும் பிரிக்கின்றன. 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு படகு, தண்ணீர் நிரம்பிய பிறகும் சமமாக மிதக்க வேண்டும். அதற்குச் சோதனை உண்டு. ஆட்களுக்கும் இன்ஜினுக்கும் பதில் எடைகளை வைத்துப் படகை 18 மணி நேரம் நீர் நிரம்பிய நிலையில் ஊறவிட்டு, பிறகு எவ்வளவு சாய்கிறது என்று அளப்பார்கள். அதே நீளமுள்ள ஸ்டெர்ன்டிரைவுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. படகின் ஏதாவது ஒரு பகுதி நீர்மட்டத்தில் தெரிந்தால் போதும். நல்ல கம்பெனிகள் சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகவே செய்யலாம், மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றில் அது சட்டம், மற்றதில் கம்பெனியின் நல்ல மனசு. பேரப்பிள்ளைகள் ஏறும் படகுக்கு எனக்குச் சட்டம்தான் வேண்டும்.

இந்த நுரைக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டிக் ஃபிஷர். ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து 1958-இல் பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே முழுக்க நுரை. மூழ்காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1961-இல் 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரருக்கு முன்னால், ஃபிஷர் கோட்டும் டையுமாகப் படகில் உட்கார்ந்திருக்க, படகை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள். இன்ஜின் இருந்த பின்பாதியில் அவர் ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் நெஞ்சு நிறைகிறது. தன் சரக்கு மூழ்காது என்று சொன்னவன் அதில் தானே ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

நம் பக்கம் திரும்பினால் வருத்தமாக இருக்கிறது. கட்டுமரம் நிரம்பவே முடியாத கலம். அலை மேலே ஏறி வழிந்து போகும், மரமே மிதவை. 2004 சுனாமிக்குப் பிறகு அதன் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. வேகம் கிடைத்தது, அதிக மீன் ஏற்ற இடம் கிடைத்தது. மூழ்காமை என்ற பழைய குணம் கூடவே வந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. ஏரிகளில் உல்லாசப் படகுகளின் நிலையும் அப்படித்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டு தளப் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி 22 பேர் போனார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். மலையேறிப் போகிற நம் ஊர்க் குடும்பங்களும் லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்கின்றன. போட்டோவில் புதுச்சேலை மறைந்துவிடும் என்பதற்காகக் கழற்றுகிறவர்களும் உண்டு. கொக்கி உடைந்த ஜாக்கெட்டை நீட்டினால், வேறு கொடுங்கள் என்று கேட்பது சண்டை போடுவது ஆகாது. கொடுக்கும்வரை படகில் ஏறாதீர்கள்.

மகனிடம் இன்னும் சிலவற்றைச் சொல்லுங்கள். 19 அடிப் படகைப் பார்த்த கையோடு, கொஞ்சம் பெரிதாக 21 அடியில் இருக்கிறது என்று கடைக்காரர் இழுப்பார். 20 அடியைத் தாண்டினால் நான் சொன்ன நுரை விதிகள் பொருந்தாது. எத்தனை பேர், எவ்வளவு கிலோ என்று பொறித்த தகடும் கட்டாயமில்லை. 20 அடிக்குள் இருக்கும் படகில் ஓட்டுநர் பக்கத்தில் அந்தத் தகடு இருக்கும். எட்டு இருக்கை என்பதை நம்பாமல் தகட்டில் உள்ள கிலோ கணக்கைப் பார்க்கட்டும். நம் ஊரிலிருந்து விருந்தாளிகள் போனால் ஆள் கணக்குச் சரியாக இருந்தும் கிலோ தாண்டிவிடும்.

படகின் அடிவயிறு எவ்வளவு கூர்மையான 'V' என்பதையும் கேட்கட்டும். கூர்மையாக இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும், முதுகெலும்பு தப்பிக்கும். ஆனால் நிற்கும்போது ஆடும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். தட்டையாக இருந்தால் நிற்கும்போது அசையாது, சிறு இன்ஜினே போதும். காற்றடிக்கும் நாளில் அடி அடியென்று அடிக்கும். மேலே சொன்ன அதே ரே ஹன்ட்தான் கூர்மையான அடிவயிற்றுக்கும் பேர்போனவர். அவர் வடிவமைத்த 'மாப்பி' 1960-இல் மயாமி-நாசாவ் பந்தயத்தில் கொந்தளித்த கடலில் முதலாவதாக வந்தது. சின்ன ஏரி, சின்னப் பிள்ளைகள் என்றால் அவ்வளவு கூர்மை தேவையில்லை.

ஓட்டுகிறவர் இடுப்பிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு ஒன்று உண்டு. அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜினை நிறுத்திவிடும். 26 அடிக்கு உட்பட்ட படகுகளில் அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது.

பழைய படகாக இருந்தால், வாங்குவதற்கு முன் டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி சொன்ன எடையைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருந்தால் நுரை தண்ணீர் குடித்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட படகை எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடட்டும்.