அலமாரியில் பூட்டிய வெர்னியர் அளவி

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த நாளில் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு முடித்தவர். வேலை கேட்டுச் சென்ற இடத்தில் ஓர் இரும்பு உருளையையும் வெர்னியர் அளவியையும் கொடுத்து விட்டத்தை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். வரைபடத்தில் இருந்த அளவு 24.75 மி.மீ. அதைவிட 0.02 மி.மீ. கூடலாம், அல்லது குறையலாம். இவர் அளந்தபோது 24.74 வந்தது. "சரியாக உள்ளது" என்று எழிதிக் கொடுத்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை.

காரணம், அந்த அளவியில் 0.04 மி.மீ. நேர் சுழிப்பிழை இருந்தது. அதைக் கழித்தால் உண்மையான விட்டம் 24.70 மி.மீ. ஒதுக்கித் தள்ள வேண்டிய உருளை அது.

"சுழிப்பிழைன்னு ஒன்பதாம் வகுப்புல நீங்க போர்டுல படம் போட்டது ஞாபகம் இருக்கு சார். ஆனா கையில வாங்குனதும் முதல்ல அதைப் பார்க்கணும்னு தோணலை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படம் போட்டேன், உண்மைதான். அளவி ஆய்வக அலமாரியில் பூட்டியே இருந்தது. தொலைந்துவிடுமோ என்ற பயம்.

திறன் இடைவெளி எங்கே இருக்கிறது?

இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. கோவையின் பம்பு, வார்ப்படத் தொழிலும், ஒசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களின் வாகன, மின்னணுத் தொழிலும் நாம் அறிந்தவை. "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று நிறுவனங்கள் சொல்கின்றன. "வேலை கிடைக்கவில்லை" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதைத்தான் திறன் இடைவெளி என்கிறோம்.

கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் வந்தபின் தொழிலாளியின் கைத்திறன் தேவையில்லை என்று பலர் நினைக்கிறோம். இயந்திரத்தில் வெட்டும் கருவி ஓட ஓடத் தேயும். பொருளின் அளவு மெல்ல மாறும். தொழிலாளி அவ்வப்போது அளந்து, எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டால் அடுத்து வரும் பொருள்கள் எல்லாம் வீண். தசம எண்ணும் குறியெண்களும் அங்கே மதிப்பெண்ணுக்கான பாடமல்ல, அன்றாட வேலை.

பயிற்சிக்கான வழிகள்

ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற பிரிவுகள் பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டுகள். வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து புதிய தொழில்நுட்பப் பயிற்சி மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டுள்ளன.

அடுத்த வழி தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, நிறுவனங்கள் பயிற்சியாளர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலையிடத்திலேயே கற்றுத் தருகின்றன. ஜெர்மனியில் இந்த முறை ஆழமாக வேரூன்றியது. அங்கே பயிற்சி பெறும் இளைஞர் வாரத்தில் மூன்று, நான்கு நாள்கள் நிறுவனத்திலும் மீதி நாள்கள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். காலையில் படித்த கணக்கை மறுநாள் இயந்திரத்தின் முன் நின்று செய்து பார்க்க அவருக்கு வாய்ப்பு இருக்கிறது.

இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் அடித்தளம் நம் வகுப்பறைதான். அங்கே விட்ட குறையை ஓரிரு ஆண்டுப் பயிற்சியில் ஈடுகட்டுவது கடினம்.

நம் வகுப்பில் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்பில் குழந்தைகள் அளவுகோலின் விளிம்பிலிருந்தோ 1 என்ற கோட்டிலிருந்தோ அளப்பதைப் பார்த்திருப்போம். முனை உடைந்த அளவுகோலைக் கொடுத்து, "இதை வைத்து எப்படிச் சரியாக அளப்பாய்?" என்று கேட்கலாம். சுழிப்பிழையின் முதல் பாடம் அதுதான்.

நடுநிலை வகுப்பில் தீப்பெட்டி, சாக்பீஸ் பெட்டி போன்றவற்றை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து வரையச் சொல்லலாம். தொழிற்சாலை வரைபடத்தைப் படிக்கும் பழக்கம் இதில் தொடங்குகிறது.

ஒன்பதாம் வகுப்பில் அளவியை மாணவர் கையில் கொடுத்துவிடுவோம். பள்ளி அளவியின் மீச்சிற்றளவு பொதுவாக 0.1 மி.மீ.; பட்டறையில் 0.02 மி.மீ. அளவி புழங்குகிறது. கணக்கிடும் முறை ஒன்றே. இப்போது என் வகுப்பில் ஐவருக்கு ஓர் அளவி. ஒரே நாணயத்தை எல்லாரும் அளந்து, விடைகளைக் கரும்பலகையில் எழுதுகிறார்கள். விடைகள் மாறுபடும்போது வரும் வாக்குவாதத்தில் அவர்களே சுழிப்பிழையைக் கண்டுபிடிக்கிறார்கள். இதுவரை ஓர் அளவியும் தொலையவில்லை.

வழிகாட்டும்போது

"படிக்கலைன்னா ஐ.டி.ஐ.தான்" என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது அந்தப் படிப்பைத் தண்டனையாக்கிவிடுகிறோம். ஆனால், 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து, பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பிட்டர், டர்னர் பிரிவுகள் மாணவிகளுக்கும் உரியவை என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் நாம்தான் சொல்ல வேண்டும்.

அன்று வந்த மாணவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று அளவியைக் கையில் கொடுத்தேன். தாடைகளை மூடி, முதலில் சுழியைப் பார்த்தார். இப்போது ஒரு நிறுவனத்தில் தொழிற்பழகுநராக இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பிலேயே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. நம் பள்ளி அலமாரிகளின் சாவியை இந்த வாரமே தேடி எடுப்போம்.