டயர் எங்கே உரசுகிறது?

கொட்டகலையைத் தாண்டித் தலவாக்கலைப் பக்கம் போகும் ஏ7 வீதியில், ஒரு சின்னக் கார் வளைவெடுக்கும்போது முன்சில்லுப் பக்கமிருந்து ‘சர்ர்க்’ என்று சத்தம் வந்தால், பிரேக் தேய்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். புது டயர் போட்ட கையோடு அந்தச் சத்தம் கேட்டால் பிரேக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டயர் எதிலோ உரசுகிறது. எதில் என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அளவு மாறிய டயர்கள் வண்டிகளில் ஏறியதற்கு ஒரு பின்னணி உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த இடைக்காலத்தில் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்ததால், சரியான அளவு கிடைக்காதபோது ‘கிட்டத்தட்ட அதே அளவு’ என்று கிடைத்ததை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இன்னொரு ரகம், தோட்டத்து வீதியில் வண்டியின் அடி இடிக்கிறதே என்று தெரிந்தே பெரிய டயர் போடுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லயத்துக்கு ஏறும் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை.

பல ஓல்டோ கார்களில் உள்ள 145/80 ஆர்12 டயரை எடுத்துக்கொள்வோம். 145 என்பது மில்லிமீற்றரில் அகலம். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். அதாவது 116 மில்லிமீற்றர். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் 116ஐ இரட்டித்து, 304.8ஐக் கூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ 537 மில்லிமீற்றர். இதற்குப் பதிலாக 155/80 ஆர்12 போட்டால் விட்டம் 553 ஆகிறது. 16 மில்லிமீற்றர் கூடிவிட்டதே என்று மகிழ வேண்டாம். வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 8 மில்லிமீற்றர். மீதி 8 மட்கார்டை நோக்கி மேலே போகிறது.

அந்த 8 மில்லிமீற்றருக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. விட்டம் 3 சதவீதம் கூடினால், அதே கியரில் சில்லு தரும் இழுவை ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஆட்களை நிரப்பிக்கொண்டு ஏறும் சின்ன எஞ்சினுக்கு அது பெரிய தொகை. வேகமானியும் முன்பு காட்டியதைவிட 3 சதவீதம் குறைத்தே காட்டும்.

இனி உரசலுக்கு வருவோம். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பு இது. ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாக நிற்கும். அந்தத் தூணின் அடிப்பகுதி சில்லைத் தாங்கும் முட்டியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூணும் சேர்ந்து திரும்பும். சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்போது தூணின் கீழ்ப்பகுதியும் அதோடு ஏறி இறங்கும்.

ஆகவே டயருக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி வளைவிலும் சுமையிலும் அதிகம் மாறாது. கடையில் ஜாக்கியில் நிற்கும்போது அங்கே சின்னவிரல் தாராளமாக நுழைந்தால், ஓடும்போதும் பெரும்பாலும் தப்பிவிடும். மட்கார்டு, உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறை, ஸ்டெபிலைசர் கம்பி ஆகியவற்றின் கதை நேர்மாறு. நிற்கும்போது இருக்கும் இடைவெளி, வண்டி சாயும்போதும் இறக்கத்தில் பிரேக் பிடித்து மூக்கு தாழும்போதும் காணாமல் போய்விடும். ஸ்பிரிங் தளர்ந்த பழைய காரில் அது முதலிலேயே குறைந்திருக்கும். “பாருங்கண்ணே, எங்கயும் படல” என்று கடைப் பையன் ஜாக்கியில் சில்லைச் சுழற்றிக் காட்டுவது பாதிப் பரிசோதனைதான்.

உயரம் சரியாக இருந்தும் அகலம் காலை வாரிவிடுவதுண்டு. 13 அங்குல அலோய் ரிம்மில் 165/65 ஆர்13 போட்டால் விட்டம் சுமார் 545. பழையதோடு ஒப்பிட்டால் 1.5 சதவீதம்தான் வித்தியாசம். காகிதத்தில் பிரமாதம். ஆனால் அகலம் 20 மில்லிமீற்றர் கூடி, உள்ளே 10, வெளியே 10 என்று பிரிகிறது. அதோடு ரிம்மின் உட்புறம் ‘ஈடி’ என்ற எழுத்துகளோடு பொறித்திருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த எண் கூடக் கூட சில்லு உள்ளே போகும். பழைய ரிம்மில் 40, புதியதில் 45 என்றால் இன்னும் 5 மில்லிமீற்றர். ஆக, டயரின் உள்விளிம்பு தூணை நோக்கி 15 மில்லிமீற்றர் நகர்ந்துவிட்டது. இதைச் சரிசெய்ய ஸ்பேசர் வளையம் வைத்துச் சில்லை வெளியே தள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உரசல் தூணிலிருந்து மட்கார்டுக்கு மாறுவதோடு, பேரிங்குக்கும் சுமை கூடுகிறது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. புது டயரின் பட்டன் ஆழம் ஏறத்தாழ 7, 8 மில்லிமீற்றர். தேய்ந்து மாற்ற வேண்டிய எல்லை 1.6. தேய்ந்த டயரை வைத்து இடைவெளியை அளந்தால், புது டயரில் அதில் 6 மில்லிமீற்றர் கிடைக்காது. அதே அளவு எழுதிய டயர்களும் கம்பனிக்குக் கம்பனி சில மில்லிமீற்றர் பருமன் மாறும்.

உரசல் வெறும் சத்தத்தோடு முடிவதில்லை. ரேடியல் டயரில் நிலத்தைத் தொடும் பகுதிக்குள் எஃகுப் பட்டைகள் உண்டு. பக்கச்சுவரிலோ மெல்லிய இறப்பரும் நூலடுக்கும்தான். தூண் உரசும் இடம் சில்லின் உட்புறத்தில் இருப்பதால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வட்டமாக ஒரு கோடு தேய்ந்து, நூல் தெரிந்து, ஒருநாள் இறக்கத்தில் வெடிக்கும்.

சரியான அளவு பெரும்பாலும் சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியில் எழுத்து ஜப்பானிய மொழியானாலும் எண்ணை வாசிக்கலாம். மலைநாட்டில் ஓடும் சின்னக் காருக்கு அந்த அளவைவிட நல்லது இல்லை என்பதே என் கருத்து. வேறு அளவு போட்டே ஆகவேண்டுமென்றால் விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது. சுமைக் குறியீடும் குறையக்கூடாது. பழையதில் 74 என்றிருந்தால் அது ஒரு டயருக்கு 375 கிலோ. புதியதில் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

மாட்டிய பிறகு நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, மேடுபள்ளத்தில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். இறங்கி, டயரின் உட்பக்கத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகப் பளபளக்கும் வளையம் தெரிந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்புங்கள். உரசினால் மாற்றித் தருவீர்களா என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. ஒரு வாரம் ஓடிய டயரை யாரும் திரும்ப எடுப்பதில்லை.