பிவிசி பைப், பழைய டியூப், சைக்கிள் கம்பி... வீட்டிலேயே ஒரு ஆர்.சி லாரி கட்டலாம் வாங்க!

ஒரு மாசம் உட்கார்ந்து, ஷீட்டை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு, முன்னாடி எலுமிச்சை மிளகாய்கூட கட்டித் தொங்கவிட்டாச்சு. லாரி அச்சு அசலா இருக்கு. மாடிக்குக் கொண்டுபோய் தரையில் வெச்சு, ரிமோட்டைத் தள்ளுறீங்க. 'ங்ங்ங்...' என்று ஒரு முனகல். சக்கரம் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மோட்டாரில் இருந்து கருகல் வாசனை!

சொந்தமாக ஆர்.சி லாரி செய்யத் தொடங்கும் பலருக்கும் நடப்பது இதுதான். காரணம், கைத்திறமைக் குறைவு இல்லை. வேலையைத் தொடங்கிய வரிசைதான் தப்பு. நாமக்கல்லில் நிஜ லாரி எப்படி உருவாகிறது? முதலில் இன்ஜினோடு சேஸிஸ் வரும். அது ஓடி வந்து பட்டறையில் நிற்கும். அதற்குப் பிறகுதான் பாடி கட்டுவார்கள். நம்ம குட்டி லாரிக்கும் அதே ரூல்தான் பாஸ். சேஸிஸ் முதலில், பாரம் ஏற்றி டெஸ்ட் அடுத்து, அழகு கடைசியில்!

எந்த அளவில் செய்யலாம்?

ஜப்பானின் தமியா நிறுவனம் 1993-ல் 'கிங் ஹாலர்' லாரியைக் கொண்டுவந்ததில் இருந்து, ஆர்.சி லாரி உலகத்தில் 1:14 அளவு ரொம்பப் பிரபலம். அதாவது, நிஜ லாரியைப் போல 14-ல் ஒரு பங்கு. அந்த கிட் எல்லாம் நம்ம ஊரில் பல பத்தாயிரங்கள் ஆகும். அதனால் அளவை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம்!

கணக்கு சிம்பிள். 2.5 மீட்டர் அகலமுள்ள லாரி, நமக்கு சுமார் 18 செ.மீ. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 4.2 மீட்டர் என்றால், நமக்கு சரியாக 30 செ.மீ, ஒரு ஸ்கேல் நீளம். லாரிகளில் சகஜமான 10.00 R20 டயரின் உயரம் சுமார் 1.05 மீட்டர். 14-ஆல் வகுத்தால் 75 மி.மீ. இந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதிக்கோங்க. மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

சக்கரம்: பிளம்பர் மிச்சம் வைத்தது போதும்

63 மி.மீ பிவிசி பைப் துண்டு ஒன்று வாங்குங்க. அதில் 18 மி.மீ அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டணும். நிஜ டயரின் 10 இன்ச் அகலம் 1:14-ல் 18 மி.மீ-தான். கோணாமல் வெட்ட ஒரு வழி இருக்கு. ஒரு பேப்பர் பட்டையை பைப்பைச் சுற்றி, இரண்டு முனையும் சரியாகச் சேருமாறு ஒட்டுங்க. அதன் ஓரமாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி அறுங்க. ஒரே பக்கம் அறுத்துக்கொண்டே போனால் கோணும்.

வளையத்துக்குள் ஃபோம் ஷீட்டில் வெட்டிய வட்டத்தை இறுக்கமாகப் பொருத்துங்க. விளம்பர போர்டு செய்யும் கடைகளில் இந்த ஷீட்டின் வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். வட்டத்தை காம்பஸ் வைத்து வரைந்தால்தான் நடுப்புள்ளி கிடைக்கும். நடுப்புள்ளி ஒரு மி.மீ தவறினாலும் லாரி நொண்டி நொண்டிப் போகும்.

மேலே, பழைய பைக் டியூபை 18 மி.மீ பட்டையாக வெட்டி, வளையத்தின் மீது அடுக்கடுக்காக ஒட்டுங்க. விட்டம் 75 மி.மீ வரும்வரை சுற்றினால் டயர் ரெடி. முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு ஜோடியாக இரண்டு, ஆக மொத்தம் ஆறு சக்கரம்.

முன் சக்கரத்துக்குள் 623 என்ற எண் போட்ட குட்டி பேரிங் வையுங்க. அதன் உள்விட்டம் 3 மி.மீ, ஒரு எம்3 போல்ட்டே ஆக்ஸில் ஆகிவிடும். பின் சக்கரத்தை மோட்டார் ஷாஃப்ட்டோடு இணைக்கும் 'ஹப்' மட்டும் கடையில் வாங்கிவிடுங்க. அதைக் கையால் நேராகச் செய்வது ரொம்பக் கஷ்டம்.

சேஸிஸ்: நிஜ லாரியின் அதே டிசைன்

நிஜ லாரியின் அடியில் குனிந்து பார்த்திருக்கீங்களா? இரண்டு நீளமான 'சி' வடிவ இரும்புச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும். அலுமினியம் பார்ட்டிஷன் வேலை செய்யும் கடையில் மிச்சமாகும் சின்ன 'சி' சேனல் துண்டுகள் நமக்கு அதே வேலையைச் செய்யும். இரண்டு சேனலுக்கும் இடையே வெளி அகலம் 6 செ.மீ இருக்கட்டும். குறுக்குச் சட்டங்களை ஒட்டாதீங்க, நட்டு போல்ட் போடுங்க. அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டு நல்லது.

லீஃப் ஸ்பிரிங் வேணுமா? உடைந்த ஸ்டீல் டேப்பை நீளம் குறைத்துக் குறைத்து வெட்டி அடுக்கினால், நிஜப் பட்டை மாதிரியே வேலை செய்யும். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். கையுறை போட்டு, அரம் வைத்து ஓரத்தை மழுக்கிடுங்க.

ஸ்டீயரிங்: 200 வருஷ பழைய ட்ரிக்

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகும். இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்குத் தீர்வு கண்டு, 1818-ல் இங்கிலாந்தில் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள். அதன் பெயர்தான் ஆக்கர்மேன் ஸ்டீயரிங்.

நமக்குத் தேவை ஒரே ஒரு விதிதான். சக்கரம் எந்த போல்ட்டை மையமாக வைத்துத் திரும்புகிறதோ, அதுதான் கிங்பின். அதில் இருந்து பின்பக்கமாக நீளும் சின்ன கை, நேர் பின்னால் போகக்கூடாது, கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கணும். எவ்வளவு? கிங்பின்னில் இருந்து அந்தக் கையின் முனை வழியாக ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது பின் ஆக்ஸிலின் நடுவில் போய் முட்டணும். இரண்டு பக்கமும் அப்படி முட்டினால் வேலை முடிஞ்சது.

இரண்டு கைகளையும் இணைக்கும் டை ராடுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி செம சாய்ஸ். அதன் ஒரு முனையில் மரையும் நிப்பிளும் ஏற்கெனவே இருப்பதால், திருகித் திருகி நீளத்தை நுணுக்கமாகச் சரிசெய்யலாம். திருப்பும் வேலையைச் செய்யும் சர்வோ, உலோகப் பல்சக்கரம் உள்ளதாக இருக்கட்டும். 9 கிராம் பிளாஸ்டிக் சர்வோ, பாரம் ஏறிய லாரியின் முன் சக்கரத்தைத் திருப்பப் போனால் பல் உடைந்துவிடும்.

மோட்டார்: இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது

கடையில் போய் 'நல்ல ஸ்பீடு மோட்டார் கொடுங்க' என்று கேட்டால் கதை முடிஞ்சது. லாரிக்கு வேண்டியது வேகம் இல்லை, இழுவை.

ஹைவேயில் ஒரு லாரி மணிக்கு 60 கி.மீ போகிறது. 14-ஆல் வகுத்தால் மணிக்கு 4.3 கி.மீ. நாம் சாதாரணமாக நடக்கிற வேகம், அவ்வளவுதான்! நம்ம 75 மி.மீ சக்கரம் ஒருமுறை சுற்றினால் 23.5 செ.மீ நகரும். மணிக்கு 4.3 கி.மீ போக, நிமிஷத்துக்கு சுமார் 300 சுற்று போதும். ஆக, நிஜ லாரி போலவே ஓட 300 ஆர்.பி.எம் கியர் மோட்டார்தான் உச்சம். டிப்பர், மண் லாரி என்றால் 150 முதல் 200 ஆர்.பி.எம் இன்னும் நல்லது.

அடுத்து எடை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 14 மடங்கு குறைவதால், எடை 14×14×14, அதாவது 2,744 மடங்கு குறையணும். 16 டன் லாரி நமக்கு 5.8 கிலோ. ஆக, முழு பாரத்தோடு நம்ம லாரி ஆறு கிலோ வரை வரலாம்.

4 கிலோ எடையோடு, ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 30 செ.மீ தூக்கிவைத்து அதில் ஏற்றணும் என்று வைத்துக்கொள்வோம். சரிவுக்கு மட்டும் 1.2 கிலோ இழுவிசை வேணும். சக்கரத்தின் ஆரம் 3.75 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 4.5 கிலோ-செ.மீ டார்க். பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்தால், ஒன்றுக்கு 2.25. உராய்வு, மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து, மோட்டார் சாதாரணமாக ஓடும்போதே இதைவிட இரண்டு மடங்காவது தரணும். இனிமேல் கடையில் ஆர்.பி.எம் மட்டும் கேட்காதீங்க, 'கிலோ-செ.மீ எவ்வளவு?' என்றும் கேளுங்க.

தனித்தனி மோட்டாரால் இன்னொரு லாபமும் உண்டு. வளைவில் உள்பக்க மோட்டார் கொஞ்சம் மெதுவாகச் சுற்ற இடம் கிடைப்பதால், டிஃபரன்ஷியல் செய்யும் தலைவலி இல்லை.

ரிமோட்: பொம்மை ரிமோட் வேண்டாம்

உடைந்த பொம்மை காரின் ரிமோட்டை எடுத்துப் போடலாமே என்று தோணும். அதில் பெரும்பாலும் ஆன்/ஆஃப் மட்டும்தான். லெஃப்ட் என்றால் முழு லெஃப்ட். லாரியை ரிவர்ஸ் எடுத்து ஓரமாக நிறுத்த முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ செட் வாங்கினால், ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுறீங்களோ அவ்வளவுதான் சக்கரம் திரும்பும். நண்பரின் வண்டியோடு சிக்னல் குழம்பவும் செய்யாது. குறைந்தது இரண்டு சேனல் வேணும், ஒன்று ஸ்டீயரிங், ஒன்று வேகம்.

பேட்டரியில் இருந்து ஃபியூஸ், சுவிட்ச், அப்புறம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி, அதில் இருந்து மோட்டார். இதுதான் வயரிங் வரிசை. ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு லாரி. ஆஃப் செய்யும்போது முதலில் லாரி. மாற்றிச் செய்தால் வண்டி தானாகக் கிளம்பிவிடலாம்.

பேட்டரி: இதில் மட்டும் 'ஹோம்மேடு' கூடாது

எல்லாவற்றையும் குப்பையில் இருந்து எடுக்கச் சொன்ன நாமே சொல்கிறோம், பேட்டரியை மட்டும் அப்படி எடுக்காதீங்க. பழைய லேப்டாப்பில் இருந்து பிரித்த லித்தியம் செல்களைச் சேர்த்து ஒட்டி, ஏதோ ஒரு அடாப்டரில் சார்ஜ் போடுவது, வீட்டில் தீயை அழைப்பது மாதிரி. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. வயதான செல் ஒன்று சேர்ந்தால் அது மட்டும் எல்லை தாண்டும், சூடாகும், பற்றும்.

முதல் லாரிக்கு எட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் போதும், 9.6 வோல்ட். மோட்டார் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், பரவாயில்லை. லித்தியம்தான் வேணும் என்றால், பாதுகாப்பு சர்க்யூட்டோடு வரும் ரெடிமேட் பேக்கும், அதற்கான சார்ஜரும் வாங்குங்க. செல்லின் மீது நேரடியாக ஈயம் வைக்காதீங்க. சார்ஜ் போடுவது டைல்ஸ் தரையில், நீங்க பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மெத்தையின் மீது, ராத்திரி முழுக்க என்ற பேச்சுக்கே இடமில்லை. உப்பிய பேட்டரியை எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் மறுபடி பயன்படுத்தாதீங்க.

பரீட்சை முடிஞ்சாதான் பாடி

இப்போ கேபினும் இல்லை, பாடியும் இல்லை. வெறும் சேஸிஸ் மீது மூன்று கிலோ சர்க்கரைப் பொட்டலங்களைக் கட்டுங்க. சமதளத்தில் பத்து நிமிஷம், பலகைச் சரிவில் ஐந்து முறை ஓட்டுங்க. மோட்டாரைத் தொட்டுப் பாருங்க. விரல் வைக்க முடியாத சூடு என்றால், கியர் தப்பு. எங்கே நட்டு கழன்றது, எந்த வயர் உரசுகிறது எல்லாம் இப்போதே தெரிந்துவிடும். பாடி கட்டிய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்கணும்.

பாஸ் ஆயிடுச்சா? இனி கலை உங்கள் கையில். 3 மி.மீ ஃபோம் ஷீட்டில் கேபின். இடுக்குகளில் ஆப்பசோடா தூவி, மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல் மாதிரி இறுகும். புகை கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்க. தார்ப்பாய்க்கு கிழிந்த குடைத் துணி. கயிறுக்கு டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்த பருத்தி நூல். முன்பக்கம் ஒரு திருஷ்டி முகம்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கு. பின்பக்கப் பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்பதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருப்பீங்களே... உங்க லாரியில் என்ன எழுதப்போறீங்க?