பதினோராவது ஆள்: கோல்கீப்பரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது?

ஸ்ட்ரைக்கருக்கு அடிபட்டால் விங்கில் ஆடுபவரை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். டிஃபென்டர் தடுமாறினால் நடுக்களத்திலிருந்து ஒருவரைப் பின்னால் இறக்கலாம். கோல்கீப்பர் விஷயத்தில் அந்தச் சமாளிப்பு செல்லாது. அது ஒற்றை நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவருக்குக் காயம் பட வேண்டும், காய்ச்சல் வர வேண்டும், அல்லது அவர் ஆட்டம் சரிய வேண்டும். அதுவரை இரண்டாவது கீப்பருக்குப் பெஞ்சுதான். வாய்ப்பு தாமதமாக வரும், வந்துவிட்டால் நெடுங்காலம் நிற்கும் என்ற இந்த வினோதக் கணக்கில்தான் ஒரு கோல்கீப்பரின் தொழில் வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது.

கோவில்பட்டி, கடம்பூர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கோல்கீப்பர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஹாக்கிதான். ‘ஹாக்கிப்பட்டி’ என்ற பட்டப்பெயரை வாங்கிய ஊர் கோவில்பட்டி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய சீனியர் அணிக்கு முதன்முறையாக ஆடிய தமிழ்நாட்டு வீரர்கள் இருவரில் மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம் இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்றவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். இருவருமே முன்கள வீரர்கள். சிறுவர்கள் கோல் போடத்தான் மட்டை எடுக்கிறார்கள். கோலைக் காக்கும் வேலைக்குப் பெரும்பாலும் யாராவது பிடித்துத் தள்ளினால்தான் போகிறார்கள்.

தமிழ்ப் பெயர் கொண்ட ஆகப் பெரிய கால்பந்து கோல்கீப்பரின் கதையும் அப்படித்தான் தொடங்கியது.

சென்டர் ஃபார்வர்டாக வந்தவர்

பீட்டர் தங்கராஜ் 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் உள்ளூர் கிளப்களில் ஆடிப் பழகி, 1953இல் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தார். அப்போது அவர் சென்டர் ஃபார்வர்டு. நெடிய உயரத்தைப் பார்த்த ராணுவ அணி அவரைப் பின்னால் அனுப்பி கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியது. அந்த மாற்றம் பலித்த வேகம் அசாதாரணமானது. 1955இல் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டூராண்ட் கோப்பையை வென்றது. 1958இல் மீண்டும் வென்றது. இடையில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் தங்கராஜுக்கு இடம் கிடைத்தது. இந்தியா நான்காம் இடம் பிடித்த ஒலிம்பிக் அது. அங்கே தங்கம் வென்ற சோவியத் அணியின் கோலைக் காத்தவர் லெவ் யாஷின். 1963இல் பாலன் தோர் விருது பெற்ற யாஷினுக்குப் பிறகு இன்றுவரை எந்தக் கோல்கீப்பருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை.

மெல்போர்னுக்கும் அடுத்த 1960 ரோம் ஒலிம்பிக்குக்கும் தங்கராஜுடன் இன்னொரு கீப்பரும் போனார். பம்பாயில் ஆடிய எஸ்.எஸ். நாராயண். கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே திறமை, இருவருக்கும் இருந்தது ஒரே இடம். இப்படி இணையாக வளரும் இருவரில் ஒருவர் பெயர் நிலைப்பதும் மற்றவர் அடிக்குறிப்பாவதும் கோல்கீப்பர் உலகில் வாடிக்கை.

ஒரு காய்ச்சல், ஒரு இறுதிப் போட்டி

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். தென் வியட்நாமை 3–2 என்று வென்ற அரையிறுதியில் கோலைக் காத்தவர் இரண்டாவது கீப்பர் பிரத்யுத் பர்மன். வெற்றி பெற்ற அணியை யாரும் கலைக்க மாட்டார்கள். ஆனால் செப்டம்பர் 4 இறுதிப் போட்டிக்கு ரஹீம் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். எதிரே அதே தென் கொரியா. இஸ்ரேல், தைவான் அணிகளை இந்தோனேசியா சேர்க்காத விவகாரத்தில் இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி பேசிய பேச்சால் கொதித்துப்போயிருந்த ஜகார்த்தா ரசிகர்கள் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் 20 நிமிடத்துக்குள் போட்ட இரண்டு கோல்களை வைத்துக்கொண்டு மீதி ஆட்டத்தைத் தாக்குப்பிடித்தது இந்தியா. கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்று திருப்பியது. 2–1. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாக வென்ற தங்கம் அது.

அரையிறுதியை வென்று தந்த பர்மன் அந்த இறுதியில் வெளியே உட்கார்ந்திருந்தார். வேறெந்த இடத்தில் ஆடியிருந்தாலும் அவரை எங்காவது நுழைத்திருக்க முடியும்.

0.4 விநாடி வேலை

கால்பந்து கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டிப் புள்ளி 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து அந்தத் தூரத்தைக் கடக்க 0.4 விநாடி போதும். பந்து கிளம்பிய பிறகு யோசித்தால் வலைக்குள் கிடக்கும் பந்தைத்தான் எடுக்க முடியும். அதனால் உதைப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊன்றுகால் எங்கே விழுகிறது என்பதைப் படித்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். இந்தப் படிப்பு ஆண்டுக்கணக்கான ஆட்டங்களில்தான் வரும்.

விதிகளும் இந்த வேலையை அடிக்கடி மாற்றி எழுதியிருக்கின்றன. 1912 வரை கீப்பர் தன் பாதிக் களம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். அதன் பிறகு பெனால்டிப் பகுதிக்குள் மட்டும். 1992இல் வந்த பேக்பாஸ் விதி இன்னும் பெரிய அடி. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்றானது. அதுவரை கையை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் காலால் பாஸ் கொடுக்கப் படிக்க வேண்டியதாயிற்று. இன்று பெரிய கிளப் ஒன்று கீப்பரைத் தேடும்போது எத்தனை பந்தைத் தடுத்தார் என்பதோடு, நெருக்கடியில் எத்தனை பாஸ் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்றும் எண்ணிப் பார்க்கிறது. 2025–26 பருவம் முதல் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நேரத்தைக் கடத்தும் பழைய தந்திரமும் போயிற்று.

நாற்பதிலும் ஆடலாம்

மைதானம் முழுக்க ஓடித் தேயும் வேலை இல்லை என்பதாலும், அனுபவம் வேகத்தை ஈடுகட்டும் என்பதாலும் கீப்பர்கள் நீண்ட நாள் ஆடுகிறார்கள். இத்தாலியின் டினோ சோஃப் 40 வயதில் அணித் தலைவராக 1982 உலகக் கோப்பையைத் தூக்கினார். 17 வயதில் பார்மா அணியில் தொடங்கிய ஜான்லூயிஜி பஃபான் 2023இல் 45 வயதில் ஓய்வு பெற்றார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் களமிறங்கி, சவூதி அரேபியாவின் பெனால்டி ஒன்றையும் தடுத்தார்.

இதைப் பார்த்து சொகுசான வேலை என்று எண்ணிவிடக்கூடாது. தோள்பட்டை, விரல் மூட்டு, முழங்கால் மூன்றும் தேயும். தாக்க ஓடிவரும் வீரனின் காலடியில் தலையைக் கொண்டுபோய் விழுவது அன்றாடம். செல்சியின் பெட்ர் செக்குக்கு 2006 அக்டோபரில் ரீடிங் அணியுடன் ஆடும்போது மண்டையோடு உடைந்தது. சில மாதங்களில் திரும்பி வந்தவர், கடைசி ஆட்டம் வரை தலைக்கவசத்தோடுதான் ஆடினார்.

பெஞ்சில் கழியும் ஆண்டுகள்

குர்ப்ரீத் சிங் சந்துவின் பாதை காத்திருப்பின் அளவைக் காட்டும். 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியா போனபோது 18 வயது குர்ப்ரீத் மூன்றாவது கீப்பர். ஆடியவர் சுப்ரதா பால். அந்தத் தொடரில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்று 13 கோல் வாங்கியது. ஆனாலும் சுப்ரதாவின் தடுப்புகளைப் பார்த்த கொரிய ஊடகங்கள் அவரை ஸ்பைடர்மேன் என்று எழுதின. தோற்கும் அணியில் பெயர் எடுக்க முடிகிற ஒரே இடம் இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

குர்ப்ரீத் 2014இல் நார்வேயின் ஸ்டாபேக் கிளப்புக்குப் போனார். அங்கேயும் காத்திருப்புதான். 2016 ஜூனில் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடி, அந்தப் போட்டியில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். ஆசியக் கோப்பையில் இந்தியக் கோலின் முன் அவர் நின்றது 2019 ஜனவரியில். மூன்றாவது கீப்பராகப் போனதற்கும் இதற்கும் இடையே எட்டு ஆண்டுகள்.

சம்பளம் எங்கிருந்து?

தங்கராஜின் காலத்தில் கால்பந்து மட்டும் சோறு போடாது. ராணுவம், ரயில்வே, வங்கி, உருக்காலை என ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சர்வீசஸ் அணித் தலைவராக 1960இல் சந்தோஷ் கோப்பையை வென்ற தங்கராஜ், பின்னர் வங்காளத்துக்கும் ரயில்வேஸுக்கும் ஆடினார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களின் கோலையும் காத்தார். 1967இல் அர்ஜுனா விருது. 1971இல் ஓய்வு.

இன்றைய ஒப்பந்த உலகம் வேறு. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது பல அணிகள் வெளிநாட்டுக் கீப்பர்களை இறக்கின. களத்தில் இருக்கக்கூடிய வெளிநாட்டவரின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து 2021–22 முதல் நான்கு ஆனது. அந்த நால்வரைக் கோல் போடவும் நடுக்களத்தை ஆளவும் செலவழிப்பதே லாபம் என்று கிளப்கள் கணக்குப் போட்டன. கோல்கீப்பர் இடம் கிட்டத்தட்ட முழுமையாக இந்தியர் கைக்கு வந்தது அப்படித்தான். சென்னையின் எஃப்.சி. 2017–18இல் பட்டம் வென்றபோது கோலைக் காத்தவர் பஞ்சாபின் கரண்ஜித் சிங்.

ஆனால் ஒப்பந்தம் நிரந்தரம் அல்ல. ஐ.எஸ்.எல். உரிமை ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் அடுத்த பருவம் தள்ளிவைக்கப்பட்டது. குர்ப்ரீத் ஆடும் பெங்களூரு எஃப்.சி. அடுத்த மாதமே முதல்நிலை அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலைக்கு வீட்டுப் பெரியவர்கள் இன்றும் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் சாதனை வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது.

பேட் கட்டியவரின் கணக்கு

ஹாக்கி கீப்பருக்கு இதே பாடம், கூடுதலாகச் செலவு. கோல் சிறியது: 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பந்து கெட்டி. கால் பேட், கிக்கர், நெஞ்சுக் கவசம், கையுறை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஒரு தரமான கிட் பல பத்தாயிரம் ரூபாயை விழுங்கும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பையன் கீப்பர் ஆவதற்கு முதல் தடை இதுதான். எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த இந்திய ஹாக்கி கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷுக்குக் கிட் வாங்க அவர் தந்தை பசுவை விற்றார். ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று திரிந்துகொண்டிருந்த ஸ்ரீஜேஷையும் திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியின் பயிற்சியாளர்தான் கோல் பக்கம் திருப்பினார்.

2006இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய அவருக்கு நிலையான இடம் பிடிக்க ஐந்தாண்டு போல ஆயிற்று. பிறகு நகரவே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக 5–4 என்று முன்னிலையில் இருந்தபோது கடைசி விநாடிகளின் பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலத்தை உறுதிசெய்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுடனான காலிறுதியில் அமித் ரோகிதாஸ் வெளியேற்றப்பட்டு, பத்துப் பேரோடு ஆடிய இந்தியாவை ஷூட்டவுட் வரை கொண்டுசென்று வெல்லவைத்தார். 336 சர்வதேச ஆட்டங்களோடு அந்தத் தொடரின் வெண்கலத்துடன் ஓய்வு. அவர் அணிந்த 16ஆம் எண் சட்டை சீனியர் அணியில் இனி யாருக்கும் கிடையாது.

கையுறையைக் கழற்றிய பிறகு

களத்தின் பின்னால் நின்று ஆட்டம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்ப்பவர் கீப்பர். தடுப்புச் சுவரை நிறுத்துவதும், டிஃபென்டர்களைக் கத்தி நகர்த்துவதும் அவர் வேலை. அந்தப் பழக்கம் பின்னாளில் உதவுகிறது. தங்கராஜ் பயிற்சியாளராகப் பணியாற்றி, பொகாரோ உருக்காலை நகரில் விளையாட்டுப் பொறுப்பில் இருந்து, 2008 நவம்பரில் அங்கேயே காலமானார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கீப்பராக இருந்த கல்யாண் சௌபே 2022 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். முன்னாள் வீரர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை.

ஸ்ரீஜேஷ் இந்திய ஜூனியர் அணியின் பயிற்சியாளர் ஆனார். 2025 நவம்பர் கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் தொடங்கிய ஜூனியர் உலகக் கோப்பையில் அவர் அணி பெல்ஜியத்தைக் காலிறுதி ஷூட்டவுட்டில் 4–3 என்று வென்றது. அன்றைய நாயகன் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். டிசம்பர் 10 அன்று அர்ஜென்டினாவை 4–2 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது.

கால்பந்தில் கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சி தரும் வேலை இன்று தனித் தொழிலாகிவிட்டது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதற்கென்றே படிநிலைச் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. பெஞ்சிலேயே பல பருவங்களைக் கழித்த இரண்டாவது, மூன்றாவது கீப்பர்களும் இதில் சேரலாம். ஆடிய ஆட்டங்கள் குறைவாக இருந்தாலும், அன்றாடப் பயிற்சியில் முதல் கீப்பருக்கு இணையாகப் பந்தைப் பிடித்தவர்கள் அவர்கள்.