கருமணலில் பிறந்த ராக்கெட் உலோகம்

கொல்லத்திலிருந்து தெற்கே போனால் மணவாளக்குறிச்சி, வடக்கே போனால் சவரா. இரண்டு கடற்கரைகளிலும் கிடைக்கும் கருமணலில் இல்மனைட் தாது இருக்கிறது. அதிலுள்ள டைட்டானியத்தைக் குளோரினுடன் வினைபுரியச் செய்து, பிறகு மக்னீசியத்தால் அந்தக் குளோரினை நீக்கினால் நீங்கள் பார்க்கும் இந்தச் சாம்பல்நிற, துளைதுளையான கட்டி மிஞ்சும். பெயர் டைட்டானியம் ஸ்பாஞ்ச்.

சவராவில் இதற்கான ஆலை 2011இல் திறக்கப்பட்டது. தொழில்நுட்பம் ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்துடையது. நிதி தந்தது தும்பா விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். நம் மணலிலிருந்தே நம் ராக்கெட்டுக்கு உலோகம்: பெருமைப்பட வேண்டிய உழைப்பு இது.

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.8 கிராம்; டைட்டானியத்துக்கு 4.5தான். அலுமினியம் 6%, வனேடியம் 4% கலந்தால் உயரழுத்த வாயுக்கலன் செய்யும் வலிமை வந்துவிடும். சூடான நிலையில் காற்றுப் பட்டால் நொறுங்கும் குணம் ஏறிவிடும் என்பதால், வெல்டிங் முழுவதும் ஆர்கான் வாயுவிலோ வெற்றிடத்திலோதான் நடக்கிறது.